கனடாவில் குடியேறுவோர் வீட்டுப் பொருள்களைச் சுங்கத்தில் அறிவிக்கும் முறை

கனடாவுக்கு நிரந்தரமாகக் குடிபெயரும் குடும்பம் தன் பாத்திரம் பண்டங்களையும் நகைகளையும் நூல்களையும் சுங்கத் தீர்வை (இறக்குமதி வரி) இல்லாமல் கொண்டுசெல்ல அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் இந்தச் சலுகை தானாக வந்து சேர்வதில்லை. முதன்முதலில் அந்நாட்டில் இறங்கும் நாளிலேயே, கையோடு கொண்டுவந்திருப்பவை இவை, பின்னால் கப்பலிலோ விமானத்திலோ வரப்போகிறவை இவை என்று எழுதிக் கொடுப்பவருக்கே அது கிடைக்கிறது. விசாவுக்காக மாதக்கணக்கில் ஆவணங்களைத் திரட்டுகிறவர்கள்கூட இந்தப் பட்டியலை மட்டும் விமானத்தில் அமர்ந்தபடி எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு வீட்டின் பொருள்களை நினைவிலிருந்து எழுத எவராலும் முடியாது. பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு, பரணில் ஏறிப் பார்த்து, அறை அறையாக எழுத வேண்டிய வேலை இது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

இந்தச் சலுகை யாருக்கு என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கனடாவில் முதன்முறையாகப் பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையாமல் வசிக்கும் நோக்கத்துடன் வருகிறவரைச் சுங்கச் சட்டம் குடியேறுபவர் என்று கொள்கிறது. நிரந்தர வதிவுரிமை பெற்று வருகிறவர்கள் இதில் அடங்குவர். படிக்க வரும் மாணவர்களும், முப்பத்தாறு மாதங்களுக்கு மேற்படாத வேலைக்காகத் தற்காலிகமாக வருகிறவர்களும் இந்த வகையில் சேரமாட்டார்கள். அவர்கள் தங்கள் சொந்த உபயோகப் பொருள்களைக் கொண்டுவந்து, திரும்பும்போது எடுத்துச்செல்வதற்கு வேறு விதி இருக்கிறது. இக்கட்டுரை நிரந்தரமாகக் குடியேறுவோருக்கு உரியது.

பொருள்களைப் பொறுத்தவரை விதி மூன்று சொற்களில் அடங்கும். கனடாவுக்கு வந்து சேருவதற்கு முன்பே அந்தப் பொருள் உங்களுக்குச் சொந்தமாக இருந்திருக்க வேண்டும், உங்கள் வசம் இருந்திருக்க வேண்டும், நீங்கள் அதைப் பயன்படுத்தியும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சலுகை இல்லை. வாடகைக்கு எடுத்த பொருள் சொந்தமாகாது. கடையில் பணம் கட்டிவிட்டு நேரே கப்பல் நிறுவனத்தின் கிடங்குக்கு அனுப்பிய சோபா சொந்தமானதுதான், ஆனால் பயன்படுத்தப்படாதது. புறப்படுவதற்கு முந்தின வாரம் தி. நகரில் மொத்தமாக வாங்கி, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் அடுக்கிய புடவைகளுக்கும் பாத்திரங்களுக்கும் இதே நிலைதான். வாங்க வேண்டியவற்றைச் சில மாதங்கள் முன்பே வாங்கி வீட்டில் புழங்கத் தொடங்குங்கள். ரசீதுகளைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். எப்போது வாங்கியது என்று அதிகாரி கேட்டால் அந்தக் கோப்பே பதில் சொல்லும்.

பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு நம்மவர்களுக்குப் பெரிதும் உதவும் விலக்கு ஒன்று இருக்கிறது. கனடாவுக்கு வருவதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் திருமணமானவர்களும், வந்தபின் மூன்று மாதங்களுக்குள் திருமணம் செய்யவிருப்பவர்களும் தங்களுக்கு வந்த திருமணப் பரிசுகளைப் பயன்படுத்தாத நிலையிலேயே தீர்வையின்றிக் கொண்டுவரலாம். மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கப்படும் வீட்டுப் பொருள்களும் இந்த விலக்கில் அடங்கும். ஆனால் அவை கனடாவுக்கு வருமுன்பே உங்களுக்குச் சொந்தமாகி உங்கள் வசம் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. திருமணப் பதிவுச் சான்றிதழின் நகலையும் அழைப்பிதழ் ஒன்றையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலுக்கான பொருள்கள் வேறு கணக்கு. கட்டுமானம், ஒப்பந்த வேலை, உற்பத்தி ஆகியவற்றுக்குப் பயன்படுத்தப்போகும் கருவிகளும் பண்ணைக் கருவிகளும் வணிகத்துக்கான வாகனங்களும் இந்தச் சலுகையில் வாரா. பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்கிறவரின் உளியும் இழைப்புளியும் வரலாம். கனடாவில் பட்டறை வைக்கப்போகிறவரின் இயந்திரங்களுக்கு வழக்கமான தீர்வையும் வரியும் உண்டு.

பட்டியலை எழுதுவது

இரண்டு பட்டியல்கள் வேண்டும். விமானத்தில் உங்களோடு வருபவை ஒன்றில், பின்னால் வருபவை மற்றொன்றில். கனடா எல்லைச் சேவைகள் முகமை இதற்கென்று பி.எஸ்.எஃப். 186 என்ற படிவத்தை வைத்திருக்கிறது. பொருள்கள் அதிகமானால் 186 ஏ என்ற தொடர்தாளைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டையும் முகமையின் இணையதளத்திலிருந்து இறக்கி வீட்டிலேயே நிரப்பலாம். படிவத்தை நிரப்பாமல் தட்டச்சு செய்த பட்டியலை மட்டும் கொண்டுபோனாலும், அதைப் பார்த்து அதிகாரியே படிவத்தைப் பூர்த்தி செய்துகொடுப்பார். எந்த வழியில் போனாலும் பட்டியல் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும், இரண்டு நகல்கள் கையில் இருக்க வேண்டும். இந்தத் தாள்களைக் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பெட்டியில் போட்டுவிட்டால் தேவையான இடத்தில் எடுக்க முடியாது.

ஒவ்வொரு பொருளுக்கும் என்ன என்பதையும் எத்தனை என்பதையும், கனடிய டாலரில் எவ்வளவு மதிப்பு என்பதையும் எழுத வேண்டும். மின்னணுப் பொருள்களாக இருந்தால் தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். மடிக்கணினியின் அடியிலும் தொலைக்காட்சியின் பின்புறத்திலும் ஒட்டியிருக்கும் வரிசை எண்களைப் பெட்டி கட்டுவதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள்; கட்டியபின் அவிழ்ப்பது பெரும்பாடு.

எவ்வளவு விவரமாக எழுதுவது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். ஒவ்வொரு கரண்டியையும் தனியாக எழுத வேண்டியதில்லை. அதற்காக ‘சமையலறைப் பொருள்கள், ஒரு பெட்டி’ என்று முடித்துவிடவும் கூடாது. ஒரே வகையானவற்றைத் தொகுத்து, எண்ணிக்கையைச் சொல்லி, மதிப்பிடுங்கள்: எவர்சில்வர் பாத்திரங்கள் இத்தனை, பருத்திப் படுக்கை விரிப்புகள் இத்தனை, தமிழ் நூல்கள் இத்தனை. நம் வீட்டுப் பொருள்கள் பலவற்றை அந்நாட்டு அதிகாரி பார்த்திருக்கமாட்டார் என்பதால், குத்துவிளக்கையும் இடியாப்ப உரலையும் அம்மியையும் எழுதும்போது அது எந்தப் பொருளால் ஆனது, எதற்குப் பயன்படுவது என்று இரண்டு மூன்று சொற்களில் சேர்த்து எழுதுவது கேள்விகளைக் குறைக்கும். தனி மதிப்புள்ள பொருள் எதையும் தொகுப்பில் புதைக்காதீர்கள். வீணை, தஞ்சாவூர் ஓவியம், வெள்ளிக் குடம், நல்ல கேமரா போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கொடுங்கள்.

மதிப்பு என்பது அந்தப் பொருள் இப்போதிருக்கும் நிலையில் என்ன பெறும் என்பதே. பத்தாண்டு புழங்கிய கட்டிலுக்குப் புதுக் கட்டிலின் விலையைப் போட வேண்டியதில்லை; வரிக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் ஒரு டாலர் என்றும் எழுதக்கூடாது. சலுகைக்குத் தகுதியான பொருளுக்கு எப்படியும் தீர்வை இல்லை என்பதால் குறைத்துக் காட்டுவதில் எந்த ஆதாயமும் கிடையாது, நம்பகத்தன்மைதான் போகும். கப்பல் சரக்குக்குக் காப்பீடு எடுக்கும்போது அந்த நிறுவனம் அதே பொருளைப் புதிதாக வாங்க ஆகும் விலையைக் கேட்கலாம். அப்போது இரண்டு தாள்களில் இரண்டு தொகைகள் இருக்கும். அது தவறில்லை, ஏன் வேறுபடுகின்றன என்று உங்களால் சொல்ல முடிந்தால் போதும்.

சரக்கு நிறுவனத்தார் பெட்டி கட்டும்போது அவர்களும் ஒரு பட்டியல் எழுதுவார்கள். அதில் பெட்டிக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை உங்கள் பட்டியலிலும் குறித்துக்கொள்ளுங்கள். கனடாவில் பெட்டகத்தை (பெட்டிகள் ஏற்றிவரும் கன்டெய்னரை) பரிசோதிக்க நேர்ந்தால் அதிகாரி ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

நகைகள்

நம் குடும்பங்களில் வீட்டுப் பொருள்கள் எல்லாவற்றையும்விட மதிப்பு மிக்கது நகைதான். மிகுந்த தயக்கத்துடன் அறிவிக்கப்படுவதும் அதுவே. கழுத்தில் போட்டிருப்பது கணக்கில் வராது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. தாலிக்கொடியும் வளையலும் தோடும் உட்பட, அணிந்திருப்பவை, கைப்பையில் இருப்பவை, பின்னொரு பயணத்தில் எடுத்துவரப்போகிறவை யாவும் பட்டியலில் வர வேண்டும். குறிப்பாக, வங்கி லாக்கரில் வைத்துவிட்டு வரும் நகைகளை முதல் வருகையின்போதே பின்னால் வரும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து விடுமுறைக்கு ஊர் சென்று அவற்றை எடுத்துவரும்போது, அவை புதிதாக வாங்கியவை அல்ல என்பதற்கு அதிகாரியின் முத்திரை பெற்ற அந்தத் தாளே சான்று. அது இல்லாவிட்டால், பாட்டி கொடுத்த அட்டிகைக்கும் வரி கட்ட வேண்டிய நிலை வரலாம். ஒன்டாரியோவில் விற்பனை வரி மட்டுமே 13 சதவீதம்.

நகையை எழுதும் முறை இது: நம்பகமான நகைக்கடையில் அல்லது மதிப்பீட்டாளரிடம் ஒவ்வொன்றையும் எடை போட்டு, காரட், கல் விவரம், இன்றைய மதிப்பு ஆகியவற்றுடன் சான்றிதழ் வாங்குங்கள். அந்தச் சான்றிதழில் உள்ள சொற்களையே பட்டியலிலும் எழுதுங்கள். ஒவ்வொரு நகையையும் தனித்தனியாகப் படம் எடுத்து, தேதியும் மதிப்பீட்டாளரின் கையொப்பமும் படத்தில் இடம்பெறச் செய்வது இன்னும் நல்லது. திருமணப் படங்களில் அந்த நகைகள் தெரிந்தால் அவற்றின் நகலையும் சேர்த்துக்கொள்ளலாம். பயன்படுத்தியதற்கு அதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

இந்தியாவிலிருந்து புறப்படும்போது இன்னொரு வேலையும் இருக்கிறது. விமான நிலையத்தில் இந்தியச் சுங்க அதிகாரியிடம் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், பின்னாளில் அதே நகைகளோடு ஊருக்கு வரும்போது அவற்றுக்கு இந்தியாவில் தீர்வை கேட்கமாட்டார்கள். சிறிது முன்கூட்டியே விமான நிலையம் சென்றால் இது நடக்கும்.

புறப்படும் நாட்டின் சட்டமும் குறுக்கிடும்

பூர்வீக வீட்டிலிருந்து எடுத்துச்செல்லும் பொருள்களில் கவனம் தேவை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், உலோகப் பொருள் போன்றவற்றையும், எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட முக்கியத்துவம் வாய்ந்த கையெழுத்துப் படிகளையும் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. கொள்ளுத்தாத்தா காலத்து ஓலைச்சுவடிகளும் பஞ்சலோகப் படிமங்களும் இந்த வளையத்துக்குள் வரக்கூடும். பழமையாகத் தோன்றும் ஆனால் உண்மையில் அண்மைக் காலத்தில் செய்யப்பட்ட சிலைகளுக்கும் விளக்குகளுக்கும், அவை தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். அது கையில் இல்லாவிட்டால் சரக்கு சென்னைத் துறைமுகத்திலேயே நின்றுவிடக்கூடும். இலங்கையிலிருந்து புறப்படுவோருக்கு அங்குள்ள தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இதே இடத்தில் தேவைப்படும்.

யானைத் தந்தம் எந்த வடிவிலும் கூடாது. பழைய வீணைகளில் தந்தமும் மான்கொம்பும் பதித்திருப்பார்கள். அத்தகைய வீணை உங்களிடம் இருந்தால் அதைப் பெட்டியில் ஏற்றுவதற்கு முன் வனத்துறையிடம் விசாரியுங்கள். பூஜையறையில் செருகிவைத்த மயில் தோகையை இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துச்செல்லத் தடை இருக்கிறது.

கனடா ஏற்காதவையும் உண்டு. குழந்தைகள் உள்ளே அமர்ந்து உருட்டிக்கொண்டு நடக்கும் நடைவண்டியை 2004 முதல் அந்நாடு தடை செய்திருக்கிறது. பழையதாக இருந்தாலும் இறக்குமதி செய்ய முடியாது. மண்ணைக் கொண்டுபோக முடியாது. பிறந்த ஊர் மண் என்று ஒரு பிடி முடிந்துவைப்பவர்களும், துளசியை வேரோடு எடுத்துச்செல்ல நினைப்பவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். துடைப்பம், தோட்டக் கருவி, காலணி ஆகியவற்றில் ஒட்டிய மண்ணையும் கழுவிவிடுங்கள். மரப்பெட்டியிலோ மரத்தட்டிலோ பொருள்களை அடுக்கினால், அந்த மரம் பூச்சி பரவாதபடி பதப்படுத்தப்பட்டு, அதற்கான பன்னாட்டுத் தர முத்திரையான ஐ.எஸ்.பி.எம். 15 குத்தப்பட்டதாக இருக்க வேண்டும்; சரக்கு நிறுவனத்திடம் இதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். இறைச்சி, பால் பொருள்கள், விதைகள் போன்றவற்றுக்கு நாட்டுக்கு நாடு மாறும் கட்டுப்பாடுகள் இருப்பதால், உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் தனியே அறிவித்துவிடுவதே நல்லது. அறிவித்த பொருள் அனுமதியில்லாததாக இருந்தால் அதை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம் உண்டு. மருந்துகளை மருத்துவரின் சீட்டோடும் அசல் உறையோடும், தொண்ணூறு நாள்களுக்கு மேற்படாத அளவில் கொண்டுசெல்லுங்கள்.

காரைக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுவதே மேல். அமெரிக்கா போன்ற ஒருசில நாடுகளில் விற்கப்பட்டவை தவிர மற்ற வாகனங்கள் கனடாவின் பாதுகாப்புத் தரத்துக்குப் பொருந்துவதில்லை. பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட பழைய வண்டிகளுக்கு மட்டுமே விதிவிலக்கு. மிக்சியும் கிரைண்டரும் சுங்கத்தில் தடையின்றிச் செல்லும். ஆனால் கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே வாங்கிய சாதாரண கிரைண்டரைக் கப்பல் கட்டணம் கொடுத்து அனுப்புவது வீண்செலவு. ஏற்றுமதிக்கென்று 110 வோல்ட்டில் செய்யப்படும் கிரைண்டரை முன்கூட்டியே வாங்கிச் சிறிது காலம் பயன்படுத்த வேண்டுமென்றால் மின்மாற்றி தேவைப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில்

டொரன்டோ பியர்சன் போன்ற பெரிய நிலையங்களில் முதலில் தானியங்கி இயந்திரத்தில் கேள்விகளுக்குப் பதிலளிக்க வேண்டும். எல்லை முகமையின் அராய்வ்கேன் (ArriveCAN) செயலி வழியாக முன்பே பதில்களை அனுப்பிவைத்திருந்தால் இந்த இடத்தில் நேரம் மிச்சமாகும். பின்னால் வரப்போகும் பொருள்கள் உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்றே சொல்லுங்கள். குடிவரவு அதிகாரியிடம் வதிவுரிமை வேலைகள் முடிந்தபின், வெளியே போகும் அவசரத்தில் நேராகப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு நடந்துவிடாதீர்கள். குடியேறுபவர் என்று சொல்லிச் சுங்க அதிகாரியிடம் பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். நீண்ட பயணத்தின் களைப்பில், குழந்தைகள் அழ, வரிசை நீண்டு கிடக்க, இந்தப் படியைத் தவறவிடுவது மிக எளிது. கட்டணம் எதுவும் இல்லாத இந்த வேலைக்காகச் சிறிது நேரம் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

அதிகாரி படிவத்தைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, கோப்பு எண் ஒன்றை இட்டு, முத்திரையுடன் ஒரு நகலைத் திருப்பிக் கொடுப்பார். அந்த நகலைப் பாஸ்போர்ட்டைக் காப்பதுபோல் காத்து, ஸ்கேன் செய்த பிரதி ஒன்றை மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒன்றுமே கொண்டுவராமல் வந்தாலும் பின்னால் வரும் பொருள்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். வதிவுரிமையை உறுதிசெய்வதற்காகச் சில நாள்கள் மட்டும் வந்து திரும்பி, பல மாதம் கழித்துக் குடும்பத்தோடு நிரந்தரமாக வருகிறவர்களும் அந்த முதல் வருகையிலேயே முழுப் பட்டியலையும் கொடுத்துவிடுவது பாதுகாப்பானது.

மதுவும் புகையிலையும் பின்னால் வரும் பொருள்களில் இடம்பெற முடியாது. உரிய வயதுடையவர் கையோடு கொண்டுவரும் 1.5 லிட்டர் ஒயின் அல்லது 1.14 லிட்டர் வேறு மது, 200 சிகரெட் என்ற அளவுக்கே சலுகை. நண்பர்களுக்கான பரிசுகளில் ஒவ்வொன்றும் 60 கனடிய டாலருக்கு மேற்படாதிருந்தால் வரியில்லை.

பணம் தனி விஷயம். பத்தாயிரம் கனடிய டாலரோ அதற்கு மேலோ, எந்த நாட்டு நாணயமாகவோ காசோலையாகவோ வங்கி வரைவோலையாகவோ கொண்டுவந்தால் இ 677 என்ற படிவத்தில் அறிவிக்க வேண்டும். கொண்டுவருவதற்குத் தடையும் இல்லை, வரியும் இல்லை. மறைத்தால் பணம் பறிமுதலாகும். அதை மீட்க 250 முதல் 5,000 டாலர் வரை தண்டம் கட்ட நேரும்.

சரக்கு வந்து சேர்ந்தபின்

சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏற்றிய பெட்டகம் வழியில் கப்பல் மாறி, கனடாத் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் உங்கள் நகரத்துக்கு வந்து, சுங்கக் கட்டுப்பாட்டிலுள்ள கிடங்கு ஒன்றில் சேரும். வந்துவிட்டது என்று சரக்கு நிறுவனத்தின் முகவர் அறிவிப்பு அனுப்பியவுடன் செயல்படுங்கள். இலவச நாள்கள் கடந்தால் கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும். ஆகவே கனடாவில் உங்களுடைய தொலைபேசி எண்ணும் முகவரியும் மாறினால் முகவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். அறிவிப்பு, கப்பல் சரக்குச் சீட்டு, முத்திரையிட்ட பி.எஸ்.எஃப். 186 படிவம், பாஸ்போர்ட், வதிவுரிமை ஆவணம், பெட்டி எண்களுள்ள பட்டியல் ஆகியவற்றுடன் அந்தக் கிடங்குக்குரிய சுங்க அலுவலகத்துக்குச் செல்லுங்கள். தாள்கள் ஒத்துப்போனால் அங்கேயே விடுவிப்பு முத்திரை கிடைக்கும். அதைக் கிடங்கில் காட்டிப் பொருள்களை எடுத்துக்கொள்ளலாம். சில சரக்குகளைத் திறந்து பரிசோதிப்பார்கள். அதற்கான ஏற்றுகூலி இறக்குகூலியை உரிமையாளரே ஏற்க வேண்டியிருக்கும் என்பதால் கையில் கொஞ்சம் பணம் ஒதுக்கிவையுங்கள்.

முதல் நாள் கொடுத்த பட்டியலில் இல்லாத பொருள் பெட்டகத்தில் இருந்தால், அதைச் சுங்க அலுவலகத்தில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அதற்குத் தீர்வையும் வரியும் வரலாம். பரிசோதனையில் அவர்களே கண்டெடுத்தால் பொருளும் பறிமுதலாகித் தண்டமும் சேரும்.

பொருள்கள் வீட்டுக்குள் வந்தபிறகும் ஒரு நிபந்தனை தொடர்கிறது. சலுகையில் கொண்டுவந்த பொருளை இறக்குமதியான நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் விற்றாலோ வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாலோ, அப்போது விலக்கப்பட்ட தீர்வையை உடனே செலுத்த வேண்டும். புது வீட்டில் இடம் கொள்ளாத தேக்குக் கட்டிலை விற்க நினைப்பவர்கள் அந்த ஓராண்டு முடியும் வரை பொறுத்திருந்து விற்பது நல்லது.